கக்கத்தில் ஃபிளாஸ்க்

இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு கைதான்.
மற்றக் கையின் கக்கத்தில் ஃபிளாஸ்க்.
பல் மருத்துவர், பஸ் டிரைவர்,
தள்ளுவண்டிக் குழந்தையோடு ஓடுகிறவள்,
வங்கியில் என் கையெழுத்தை
மூன்று முறை சந்தேகித்த மனிதர்,
எல்லோரும்
காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைத்ததுபோல்
இடுக்கிக்கொண்டே நடக்கிறார்கள்.

மொந்தெவிதேயோ வந்த முதல் ஞாயிறு
கடற்கரைக்கென்று கிளம்பினோம்.
கடல் இல்லை, நதி என்றார்
கீழ்வீட்டு வாஷிங்டன்.
அவர் பெயர் அதுதான்.
அமெரிக்காவுக்குப் போனதே இல்லை.

நதி என்றால் அக்கரை எங்கே?
கண்ணுக்கு எட்டியவரை காப்பி நிறத் தண்ணீர்.
அக்கரையே தெரியாத ஊரில்
எது பச்சை என்று நான் கேட்டதற்கு
நம்பிராஜன் சிரிக்கவில்லை.
காற்று பிடுங்கிய என் துப்பட்டாவைத்
துரத்திக்கொண்டிருந்தார்.

ஜூலையில் குளிர். டிசம்பரில் புழுக்கம்.
மூன்றாம் பிறை
எங்களோடு கோபம்போல முதுகைத் திருப்பி நிற்கிறது.
பார்க்கிறவர் எல்லாம்
கன்னத்தில் ஒரு முத்தம் வைக்கிறார்,
பள்ளிக்கூட வாட்ச்மேன் உட்பட.
நம்பிராஜன் முதல் மாதம் கைகூப்பித் தப்பித்தார்.
இரண்டாம் மாதம்
துறைமுக மேனேஜரின் மூக்குக்கண்ணாடியோடு
அவருடையது மோதி
ஒரு பக்கம் காது வளைந்தது.

இருபத்தொன்பதாம் தேதிதோறும்
உருளைக்கிழங்கு உருண்டை வேகவைக்கிறார்கள்.
தட்டுக்கு அடியில் காசு வைத்துத் தின்றால்
அடுத்த மாதம் கையில் காசு தங்குமாம்.
மாதக் கடைசி வயிறு
எல்லா ஊரிலும் ஒரே வயிறுதான்.
பிப்ரவரியில் என்ன பண்ணுவாங்க என்று
இயல் மட்டும் நாள் முழுக்கக் கவலைப்பட்டாள்.

அப்புறம் அந்தச் சுரைக்குடுக்கை.

நதியோரக் குட்டைச்சுவரில்
வாஷிங்டன், அவர் மனைவி கிராசியேலா,
பெயர் கேட்க மறந்த இரண்டு பேர், நாங்கள்.
ஒரு குடுக்கை, ஒரு குழல்,
ஏழு வாய்.
எச்சில் என்ற சொல்லை
மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தேன்.
அவர்களிடம் இருந்த சொல்லில்
ஈரம் இருந்தது, குற்றம் இல்லை.
யார் உதடு எந்தத் தம்ளரில் என்று
டீக்கடை கணக்கு வைத்திருந்த ஊர் எனக்கு.
அந்தக் கணக்கில்
எங்கள் வீட்டுத் தம்ளர்
எந்த ஆணியில் தொங்கியது என்பதை
நான் இயலிடம் இன்னும் சொன்னதில்லை.

குழல் வந்தது. சுட்டது.
வேப்பங்கொழுந்துக்கு அக்கா மாதிரிக் கசப்பு.
கிராசியாஸ் என்றேன்,
வாய் நிறைய, புத்தகத்தில் படித்தபடி.

அடுத்த சுற்றில் குடுக்கை என்னைத் தாண்டிப் போனது.
அதற்கடுத்த சுற்றிலும்.
முகம் சுளித்தேனோ? துடைக்காமல் கொடுத்தேனோ?
இல்லை, வேறு எதையாவது பார்த்துவிட்டார்களா?
அயலூரில் ஒரு குடுக்கை நகர்வதற்குள்
எத்தனை வழக்கு நடத்திவிடுகிறது மனசு!

இயல்தான் காதோடு சொன்னாள்:
அம்மா, நன்றின்னு சொன்னா
போதும்னு அர்த்தம்.
இங்க எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில்
சோறு போட்டவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.
சொன்னால்
என்னடா உடம்புக்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.
இந்த ஊருக்கு வந்துதான் அதைப் பழகினேன்,
அதுவும் சொல்லக்கூடாத இடத்தில்.

அடுத்த ஞாயிறு வாயைத் திறக்கவில்லை.
குடுக்கை வந்தது, வந்தது,
ஐந்து முறை வந்தது.
கடைசியில் கசப்பெல்லாம் போய்
வெறும் வெந்நீர்.
சூரியன் நதிக்குள் இறங்கியதும்
சுவரில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
தாளம் தெரியாத கச்சேரிக்கு வந்தவர்போல
நம்பிராஜன் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.
அந்த இலை காப்பியைவிட மோசம் என்று
யாரும் சொல்லவில்லை.
விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கிடந்தேன்.
ஆறு மணிக்குக் கீழ்வீட்டில்
கெண்டி விசிலடித்தது.